சர்ச்சைக்குரிய விளையாட்டைத் தொகுப்பில் சேர்ப்பதா, விடுவதா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப். பென்டிரைவில் கொண்டுபோன கட்டற்ற (யாரும் பகிரலாம், மாற்றலாம் என்று உரிமம் கொடுத்த) விளையாட்டுகளை எட்டு மடிக்கணினிகளில் ஏற்றி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். புரொஜெக்டரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பையன் ஓப்பன் அரீனா என்ற சுடும் விளையாட்டைத் திறந்து, ஆட்டக்காரரின் உருவத்தை மாற்றும் பக்கத்துக்குப் போய்விட்டான். சுவர் அளவு பெரிய திரையில், பேருக்கு ரெண்டு கீற்றுத் துணியோடு ஒரு பெண் உருவம் துப்பாக்கியும் கையுமாக அசைந்துகொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, இந்தப் பொண்ணுக்குத் துணி எடுத்துக் குடுக்க மறந்துட்டாங்களா?” என்றார்.

வாயில் வந்ததைச் சொன்னேன்: “லைசன்ஸ்ல ஒரு பிரச்சினை இருக்கு மேடம், எடுத்துடறோம்.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவி கேட்டாள்: “அண்ணா, அது ஜிபிஎல்தானே? என்ன பிரச்சினை?”

ஒரு பிரச்சினையும் இல்லை. ஜிபிஎல் என்பது யாரும் பகிரவும் மாற்றவும் விடுகிற கட்டற்ற உரிமம். சங்கடத்தில் உரிமத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். கட்டற்ற மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த விஷயத்தில் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான். ஒரு விளையாட்டைக் கொடுக்க உரிமை இருக்கிறதா, சட்டம் விடுகிறதா, இந்த ஆட்களுக்கு இந்தக் கையால் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். கீழே இருப்பது அதற்கு நாங்கள் பழகி வைத்திருக்கும் முறை.

மண்டியா, கூடையா?

‘சேர்க்கலாமா’ என்பதற்கு முன்னால் ‘எதில் சேர்ப்பது’ என்று கேளுங்கள். சீசனில் மாங்காய் மண்டிக்குப் போனால் செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா, அடிபட்டது, கூழ் ஆலைக்குப் போவது எல்லாமே வந்து இறங்கும். புளிக்கும் என்பதற்காக மண்டிக்காரர் லாரியைத் திருப்பி அனுப்புவதில்லை. ரகம் பிரித்துக் குவிக்கிறார், அவ்வளவுதான். அதே மண்டியில் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு கூடை வாங்கும்போது ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்க்கிறோம்.

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு ஒரு மண்டி. 1993-ல் தொடங்கிய திட்டம், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் பொட்டலங்கள்). அதன் பிரதியை அப்படியே வைத்திருப்பது மிரர். மிரர் நடத்துகிறவர் நடுவில் புகுந்து பிடிக்காததை அழிக்கக் கூடாது. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், வேலையே கெடும்: பேக்கேஜ் பட்டியலில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது, ஆப்ட் என்ற நிறுவும் கருவி பாதியில் பிழை காட்டி நிற்கும். பட்டியலில் கைவைத்தால் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்தோடு அது பொருந்தாது. தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டால் சொந்த ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) வையுங்கள், உங்கள் பெயரில் கையெழுத்திடுங்கள்.

நாங்கள் கொடுப்பது கூடை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கமும் பென்னாகரம் தாண்டியும் சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு. அங்கே ஒரு ஜிபி விளையாட்டை யாரும் டவுன்லோடு செய்துகொண்டிருக்க முடியாது. 32 ஜிபி பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகிறோம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில்தான் பெரும்பாலும் ஏறும். அந்த மடிக்கணினி வீட்டில் அக்காவுக்குக் காலேஜ் புராஜெக்ட், தம்பிக்கு கேம், அப்பாவுக்கு யூடியூப். யார் திறப்பார் என்று நமக்குத் தெரியாது. அதனால் மண்டிக்குச் சரியாக இருக்கும் முடிவு நம் கூடைக்குச் சரியாக இருக்கும் என்று இல்லை. இதை முதலிலேயே ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள்: ‘இந்தத் தொகுப்பு இன்னாருக்கு, இந்த இடத்தில் திறக்க.’ எங்கள் வரி: ‘ஆறாம் வகுப்புக்கு மேல், பள்ளி லேப், ஆசிரியர் கூட இருக்கும்போது.’

உரிமம்: நிரல் வேறு, படம் வேறு

விளையாட்டில் உரிமம் பார்ப்பது மற்ற மென்பொருளில் பார்ப்பது மாதிரி இல்லை. நிரல் ஒரு உரிமத்தில் இருக்கும். படம், இசை, குரல், மேப் எல்லாம் வேறு உரிமத்தில் இருக்கும். டூம் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் வந்தது. நிரல் 1997-ல் வெளியிடப்பட்டு, 1999-ல் ஜிபிஎல்-லுக்கு வந்தது. ஆனால் அரக்கர்கள், சுவர்கள், சத்தங்கள் இருக்கும் தரவுக் கோப்பு இன்றைக்கும் கட்டற்றதல்ல. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஃப்ரீடூம் என்று ஒரு திட்டம், எல்லாப் படங்களையும் புதிதாக வரைந்து பிஎஸ்டி வகைக் கட்டற்ற உரிமத்தில் கொடுக்கிறது. ஆக, ‘டூம் கட்டற்றதா’ என்று யாராவது கேட்டால், ‘எந்தப் பாதி’ என்று திருப்பிக் கேளுங்கள்.

படங்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்புகளைப் பகிர விடும் உரிம வரிசை) என்று எழுதியிருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றம் கூடாது என்ற துணை நிபந்தனைகள் இருந்தால் அது டெபியன் அளவுகோலில் கட்டற்றதல்ல.

அடுத்து, புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம். டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளில் பத்து அம்சங்கள். ஐந்தாவது, உரிமம் எந்த மனிதரையும் குழுவையும் ஒதுக்கக் கூடாது. ஆறாவது, எந்தத் துறைப் பயன்பாட்டையும் ஒதுக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் இந்த விளையாட்டை நாம் விடுவதே ஒதுக்கல்தானே, நெறிக்கு விரோதம்தானே’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கிடையாது. அந்த இரண்டும் உரிமத்தின் வாசகத்தைப் பற்றியவை. எதைச் சுமப்பது என்ற உங்கள் தேர்வைப் பற்றி அவை வாயே திறக்கவில்லை. ஓட்டும் சுதந்திரம், படிக்கும் சுதந்திரம், பகிரும் சுதந்திரம், மாற்றும் சுதந்திரம் நான்கும் பயனருக்கு உண்டு. என் பென்டிரைவில் இடம் கேட்கும் உரிமை விளையாட்டுக்குக் கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல மனசில் ஒரு விளையாட்டு ஆசிரியர், ‘18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம்’ என்று உரிமத்துக்குள்ளேயே எழுதிவிடுவார். அந்த ஒரு வரியால் அது கட்டற்ற மென்பொருள் இல்லை என்று ஆகிவிடும். ஜேசன் உரிமத்தில் ‘நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்று ஒரு வரி இருப்பதாலேயே டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்பதில்லை. அதே 18 வயது வரியை ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் அறிவுரையாக எழுதினால் ஒரு சிக்கலும் இல்லை. நீங்களே சின்ன விளையாட்டு எழுதிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

ஜிபிஎல் விளையாட்டை பென்டிரைவில் கொடுக்கும்போது மூல நிரலையும் கூடவே போட்டுவிடுங்கள். இல்லையென்றால், கேட்பவருக்கு மூன்று வருடம் வரை மூலம் கொடுப்பதாக எழுத்தில் உறுதி கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும். யாரால் முடியும்? கூடவே போடுவதுதான் சுலபம்.

உள்ளே திறந்து பாருங்கள்

ஸ்கிரீன்ஷாட் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓப்பன் அரீனாவின் ஸ்கிரீன்ஷாட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் கோட்டைச் சுவரும் ராக்கெட்டும்தான்.

ஒரு மணி நேரமாவது ஆடுங்கள். ஆடும்போது அமைப்புகள் பக்கம், உருவம் தேர்வு, வெற்றித் திரை, தோற்றால் வரும் வசனம், நன்றி சொல்லும் பெயர்ப் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் போய் வாருங்கள். அப்புறம் தரவுக் கோப்புகளைத் திறங்கள். க்வேக் என்ற பழைய சுடும் விளையாட்டின் வழிவந்த விளையாட்டுகளில் (ஓப்பன் அரீனாவும் அதில் ஒன்று) பிகே3 என்று முடியும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். பெயரை மாற்றினால் திறக்கும். உள்ளே ‘மாடல்ஸ்’ அடைவில் ஆட்டக்காரர் உருவங்கள், ‘சவுண்ட்’ அடைவில் அவர்கள் கத்துவது. படங்களைச் சிறு உருக்களாகப் பார்த்தாலே பத்து நிமிடத்தில் முழுச் சரக்கும் தெரிந்துவிடும். உரையாடல்கள் மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்கும். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து கெட்ட வார்த்தைகளைத் தேடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதையும் வாசியுங்கள். மூலத்தில் இல்லாத கிண்டலை யாராவது தன்னார்வலர் சேர்த்து வைத்திருக்கலாம்.

ரத்தத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் விட்டுவிடுவது அரட்டைப் பெட்டியை. லுவான்டி (2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர்) கட்டை அடுக்கும் விளையாட்டு. பார்த்தால் பரம சாது. ஆனால் பொது சர்வர் பட்டியலைத் திறந்து உள்ளே போனால், முன்பின் தெரியாத ஆட்கள் உங்கள் ஏழாம் வகுப்புப் பையனோடு பேச முடியும். என்னைக் கேட்டால், ஃப்ரீடூமின் அரக்கர்களைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பள்ளி லேபில் இணையம் இல்லை என்றால் சரி. வீட்டுக்குப் போகும் பிரதி என்றால் குறிப்பு எழுதியே ஆக வேண்டும். விளையாட்டுக்குள்ளிருந்தே கூடுதல் பொருட்களை இறக்கிக்கொள்ளும் வசதி இருந்தால் அதையும் எழுதுங்கள். அங்கே வந்து இறங்குவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பார்க்கிறவர் யார் என்பதும் முக்கியம். ஓப்பன் அரீனாவை பென்டிரைவில் போடும்போது நாங்கள் ஐந்து பேரும் ஆண்கள். உருவம் மாற்றும் பக்கத்தை எங்களில் மூன்று பேர் பார்த்திருக்கிறோம். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. இப்போது ஒரு விளையாட்டைக் குறைந்தது ஒரு பெண்ணும், முடிந்தால் ஒரு ஆசிரியரோ பெற்றோரோ பார்க்காமல் சேர்ப்பதில்லை.

சட்டம்

நான் வக்கீல் இல்லை. பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஆபாசப் படைப்பை விநியோகிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 294-ஆம் பிரிவு. அதையே குழந்தைக்குக் கொடுத்தால் 295, தண்டனையும் கூடும். மின்னணு வடிவில் வெளியிடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் எதையும் பற்றிக் கூடிப் பேசவே தேவையில்லை. வேண்டாம், முடிந்தது.

பலர் நினைக்காத ஒன்று, வரைபடம். இந்திய சர்வே துறையின் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் வருடத்துக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைக்கு வழி இருக்கிறது. நாடு பிடிக்கும் விளையாட்டு, புவியியல் வினாடி வினா எதுவாக இருந்தாலும் காஷ்மீரின் எல்லை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சர்ச்சை என்றால் ரத்தமும் சதையும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கல்விப் பிரிவில் இருக்கும் சாதுவான மேப் விளையாட்டு மாட்டிவிடும்.

சூதாட்டம் தனிக் கதை. ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து, 2022-ல் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடுக்கும் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டற்ற மென்பொருளில் போக்கர்டிஹெச் என்ற சீட்டாட்டம் இருக்கிறது. அதில் பொய்க்காசுதான், நிஜப் பணம் கிடையாது. சட்டம் குறிவைப்பது நிஜப் பணத்தை. ஆகவே சட்டக் கேள்விக்குப் பதில், தடையில்லை. சேர்க்கலாமா என்பதற்கு இது பதில் இல்லை. அது அடுத்த படி.

யாரை, எது சுடும்?

லினக்ஸ் மென்பொருள் கடைகளில் வயதுக் குறிப்பு காட்டுவதற்கு ஓஏஆர்எஸ் என்றொரு முறை இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள்: கார்ட்டூன் வன்முறை, நிஜம்போன்ற வன்முறை, ரத்தம், நிர்வாணம், போதை, வசை, அரட்டை, சூதாட்டம் என்று. ஒவ்வொன்றுக்கும் இல்லை, லேசாக, மிதமாக, கடுமையாக என்று நான்கு நிலை. விளையாட்டை எழுதியவரே நிரப்புகிறார், காசு கிடையாது. சூதாட்ட வரியில் பொய்க்காசு ஆட்டத்துக்கு ‘மிதம்’, நிஜப் பணத்துக்கு ‘கடுமை’ என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் இந்தப் பட்டியலை எடுத்து ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு, விளையாடும்போதே டிக் போட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நம் ஊர் வேலை. அந்தப் பட்டியலில் ரத்தத்துக்குத் தனி வரி இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம்: உடம்பில் அம்பு தைத்தபடி வாளோடு நிற்கும் வீரன், பின்னால் மீட்டுக்கொண்டுவந்த மாடுகள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்படிக் கற்களுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால், துகில் உரியும் இரவில் குழந்தைகள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனனின் தொடையைப் பீமன் வேடக்காரர் பிளக்க, அந்த ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிகிறாள். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் ஃப்ரீடூமின் சிவப்புப் புள்ளிகளைக் காட்டி ‘வன்முறை’ என்று பதறினால் சிரிக்கும். சிரிக்கிறது என்பதற்காக அந்த வரியைக் காலியாக விட வேண்டாம், டிக் போடுங்கள். ஆனால் அதற்காகவே ஒரு விளையாட்டை விலக்குவது எங்கள் பக்கம் எடுபடாது. கூத்தில் அடிபடுகிறவனுக்குப் பெயர் உண்டு, கதை உண்டு, அழுவதற்கு ஆள் உண்டு. விளையாட்டில் அதெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது சிவப்பு எவ்வளவு என்று அளப்பதைவிட உபயோகமானது.

அந்தப் பட்டியலில் சாதிக்கு என்று தனி வரி கிடையாது. பாகுபாட்டுப் பேச்சு என்ற பொதுவான வரி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் மாவட்டங்களில் சாதி எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டக்காரர் பெயர், அணிக் கொடியின் நிறம், பின்னணியில் ஓடும் பாட்டு, யாரோ செய்து கொடுத்த ‘லோக்கல் மேப்’, இவற்றில் எது வழியாகவும் அது உள்ளே வரலாம். பயனர்கள் செய்த கூடுதல் மேப்கள், உருவங்கள் எதையும் பெரிய திட்டத்தின் பெயரை நம்பிச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நாங்கள் பட்டியலின் அடியில் சொந்தமாக மூன்று வரி சேர்த்திருக்கிறோம்: சாதி அடையாளம், மதக் கிண்டல், ஊர்ப் பெண்களைப் பற்றிய பேச்சு. ஓசூர்ப் பக்கம் போகும் பிரதி என்றால் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் மொழிக் கிண்டலையும் பார்க்கிறோம்.

போக்கர்டிஹெச் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம் சரி. சட்டம் சரி. ஆனால் ரம்மியில் ஆள் போன வீட்டில் பிள்ளையின் மடிக்கணினியில் சீட்டு ஓடினால் அந்தத் தாய்க்கு ‘பொய்க்காசுதான் அம்மா’ என்று விளக்கம் சொல்ல நான் தயாராக இல்லை. விட்டோம். காரணத்தை அப்படியே எழுதி விட்டோம்.

ஆம், இல்லை என்று ரெண்டே வழி இல்லை

இந்த இடத்தில்தான் கூட்டங்களில் சண்டை வரும், ஏனென்றால் எல்லோரும் ‘போடு’ அல்லது ‘தூக்கு’ என்று ரெண்டே அணியாகப் பிரிந்துவிடுவார்கள். நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

டெபியனின் கொள்கை நூல் இதற்கு நல்ல வழி சொல்கிறது. புண்படுத்தக்கூடிய பகுதியைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து, பெயரின் வாலில் ‘அஃபென்சிவ்’ என்று சேர்க்கச் சொல்கிறது. முக்கியப் பேக்கேஜ் அதை ‘சஜஸ்ட்’ செய்யலாம்; ‘ரெக்கமண்ட்’ செய்யக் கூடாது, ‘டிபென்ட்’ ஆகவும் கூடாது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஆப்ட் இயல்பாகவே ரெக்கமண்ட் செய்ததை எல்லாம் கூடவே நிறுவிவிடும், சஜஸ்ட் செய்ததை நிறுவாது. அதாவது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சொந்த ரெப்போ வைப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். பென்டிரைவ் என்றால், தனி அடைவு, வெளியே தமிழில் ஒரு குறிப்பு, தானாக மெனுவில் ஏறாத ஏற்பாடு. ஆண்ட்ராய்டுப் பக்கம் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கடை இதே வேலையை முத்திரையாகச் செய்கிறது. விளம்பரம், பின்தொடர்தல் போன்ற குறைகளோடு, வேலையிடத்தில் திறக்கத்தகாதது என்பதற்கும் ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, வெட்டிக் கொடுப்பது. கட்டற்ற உரிமத்தில் அதற்கு முழு அனுமதி உண்டு. ஆனால் மாற்றிய கோப்பில் என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும்; ஜிபிஎல் 2-லேயே அந்த நிபந்தனை இருக்கிறது. பேக்கேஜ் பெயரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூலத் திட்டத்துக்காரர்கள், நீங்கள் வெட்டியதால் வந்த பிழைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெட்டுவதில் ஒரு தொல்லையும் உண்டு: க்வேக் வழி விளையாட்டுகளில் சர்வர், தன்னிடம் இருக்கும் தரவுக் கோப்பும் உங்களிடம் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்க்கும். வெட்டிய பிரதியோடு பொது சர்வருக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தப்படலாம்.

சுமக்காமல், எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்வதும் ஒரு வழி. பெரியவர்கள் கேட்டால் நாங்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம்.

கடைசியாக, மறுப்பது. மறுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெரிய திட்டங்களே செய்திருக்கின்றன. 2004-ல் டெபியனில் ‘ஹாட்-பேப்’ என்ற நிரலைச் சேர்க்க ஒருவர் முன்வந்தார். சிபியு-வின் பளு ஏற ஏற, திரையில் ஒரு பெண்ணின் சித்திரம் ஆடை களையும். அதுதான் அதன் மொத்த வேலை. பெரிய வாக்குவாதம் நடந்தது, டெபியனுக்குள் அது வரவில்லை. 2019-ல் எஃப்-டிராய்டு, வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன ஒரு சமூகத் தளத்தை முன்னிறுத்தும் செயலிகளைத் தாங்கள் விநியோகிப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. விளையாட்டு இல்லை என்றாலும் நம் கேள்விதான். அவர்கள் உரிமத்தைச் சாக்காகச் சொல்லவில்லை. இது எங்கள் நிலைப்பாடு என்று சொன்னார்கள். வேண்டுபவர்கள் தனி ரெப்போ வைத்து அதே எஃப்-டிராய்டு செயலியில் சேர்த்துக்கொள்ள வழியும் திறந்தே இருக்கிறது. ஒரு இடத்திலிருந்து விலக்கினாலும் வேறெங்காவது அது கிடைக்கிறது என்பதால்தான் கட்டற்ற உலகில் மறுப்பு தடையாக மாறுவதில்லை. ஆகவே ‘தணிக்கை’ என்று யாராவது கத்தினால் பதறாதீர்கள். நீங்கள் அவர் கணினிக்குள் போய் அழித்தீர்களா? இல்லை. அவ்வளவுதான் பதில்.

நோட்டு

இத்தனை பேசியபின் எழுதி வைக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் அதே சண்டையை மறுபடி போடுவீர்கள். எங்களிடம் ஒரு நீளக் கோட்டு நோட்டு இருக்கிறது. விளையாட்டின் பெயர், பதிப்பு எண், நிரல் உரிமம், தரவு உரிமம், பார்த்தவர்கள் யார், பட்டியலில் டிக் விழுந்த வரிகள், முடிவு, காரணம். காரணம் என்ற கட்டத்தில் ‘பிடிக்கவில்லை’ என்றுகூட எழுதலாம். ‘உரிமச் சிக்கல்’ என்று எழுத வேண்டுமானால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்ட வேண்டும். இந்த விதியை எழுதியது அந்தக் கல்லூரி மாணவி. யாரை மனதில் வைத்து எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

பதிப்பு எண் ஏன் என்றால், புதிய பதிப்பில் சரக்கு மாறும். போன பதிப்பில் இல்லாத அரட்டை இந்தப் பதிப்பில் வரலாம். போன பதிப்பில் இருந்த படத்தை அவர்களே மாற்றியிருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை, பள்ளி திறப்பதற்கு முன்னால் மே மாதத்தில் நோட்டை ஒரு ஓட்டு ஓட்டுகிறோம்.

யாராவது ஆட்சேபித்தால் முதலில் அந்த விளையாட்டை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பேசுங்கள். மொத்தத் தொகுப்பிலிருந்தும் எடுக்க வேண்டுமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். ஆட்சேபித்தவரிடம் குறிப்பாக என்ன சுட்டது என்று கேளுங்கள். நீங்கள் நினைத்தது ஒன்றாகவும் அவர் சொல்வது வேறாகவும் இருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. நோட்டு போட ஆரம்பித்தபின் அதே பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன்: லைசன்ஸில் எதுவும் இல்லை மேடம், எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அவர் ஹாஜர் நோட்டை மூடி வைத்துவிட்டு, “அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. அந்தப் பொம்மைய மட்டும் எடுத்துட்டா சுடுற கேம் ஓடுமா, ஓடாதா? பசங்க அதான் டெய்லி கேட்டுட்டு இருக்காங்க” என்றார். துப்பாக்கி அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

லேபுக்குள், நம் எட்டு மடிக்கணினிக்குள் ஆடினால் ஓடும். எல்லாவற்றிலும் ஒரே வெட்டிய பிரதி இருப்பதால் சர்வர் சரிபார்ப்பும் தடுக்காது. பிகே3 கோப்பைப் பிரித்து மூன்று உருவங்களை எடுத்தோம். பேக்கேஜுக்கு வேறு பெயர் வைத்து, மாற்றத்தையும் தேதியையும் எழுதி, மூலத்தையும் அதே பென்டிரைவில் போட்டோம். நோட்டில் காரணக் கட்டத்தில் அவள் எழுதியது: ‘துணி போதவில்லை.’